வாத்துப் புத்தகத்தின் மேல் ஒரு விசாரணை

அந்தப் புத்தகத்தை அடுப்பில் போடச் சொன்ன ஏழு பேரில் ஒருவர்கூட அதில் ஒரு பக்கம் படித்ததில்லை. ஐந்து பேருக்கு எழுத்தே தெரியாது. அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. மீதி இரண்டு பேருக்கு நன்றாகத் தெரியும். இந்த வாரம் நான் திட்டப்போவது அந்த இரண்டு பேரின் ரகத்தைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வெயில் ஏறிய நேரம். தங்கவயலில் ஊரிகம் என்ற இடத்தில், சுரங்கத் தொழிலாளர் வீட்டு வரிசையான எங்கள் லைனின் முனையில் தண்ணீர்த் தொட்டி. அதன் பக்கத்தில் ஒரு பெஞ்சு. பெஞ்சின் நடுவில் புத்தகம் கிடந்தது. பச்சை அட்டை, ஒரு மூலையைக் கரையான் தின்றிருந்தது. எதிரே நான் நின்றேன். வயது பதினொன்றோ பன்னிரண்டோ. காலில் செருப்பில்லை, தரை கொதித்தது, ஒரு காலை வைத்து ஒரு காலைத் தூக்கிக்கொண்டிருந்தேன்.

"இன்னா திமிரு பாரு, ஆடிக்கினு நிக்குது," என்றார் மேஸ்திரி. எங்கள் லைனுக்கு ஆள் சேர்ப்பவர், ஆளை ஷிப்டுக்கு அனுப்புபவர், ஆளைத் துரத்துபவர், எல்லாம் அவர்தான்.

எங்கள் கோயில் உபதேசியார் புத்தகத்தை இரண்டு விரலால் தூக்கினார். எலியை வாலைப் பிடித்துத் தூக்குவார்களே, அப்படி.

"இதுல கர்த்தருடைய நாமம் எத்தினி எடத்துல வருது? சொல்லு."

"வரலீங்க ஐயா."

"நீதி இன்னா சொல்லிக்கீது?"

நான் யோசித்தேன். பொய் சொல்லத் தெரியாத வயதில்லை, ஆனால் அந்த நேரத்துக்கு ஒன்றும் வரவில்லை. "ஒரு வாத்து காணாமப் போவுதுங்க ஐயா," என்றேன்.

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். சிரிப்புக் காட்ட நான் அதைச் சொல்லவில்லை. அந்தக் கதையில் அதுதான் நடக்கிறது.

ஒரு சொற்பொழிவும் ஒரு கேசரியும்

இத்தனை வருஷம் கழித்து இதை ஏன் கிளறுகிறேன் என்றால், போன வாரம் ஒரு வாசகசாலை ஆண்டு விழாவுக்குப் போய்த் தொலைத்தேன். பன்னீர் தெளித்தார்கள், கேசரி கொடுத்தார்கள். பிறகு ஒரு பெரியவர் எழுந்து முக்கால் மணி நேரம் பேசினார். குழந்தைகளுக்கு என்ன படிக்கக் கொடுக்க வேண்டும் என்பது தலைப்பு.

"அடுத்த வீடு, எதிர் வீடு, தெருமுனை, தொலைந்து போன பூனை. இவையெல்லாம் ஒரு கதையா? இவற்றில் ஒன்றுமே நடப்பதில்லையே!" என்று மேஜையைக் குத்தினார். வீரம் ஊட்ட வேண்டுமாம், ஒழுக்கம் புகட்ட வேண்டுமாம். ஊட்டுவதும் புகட்டுவதுமாகவே பேச்சு போயிற்று. குழந்தை என்றால் இவர்களுக்கு வாயும் வயிறும்தான் போலிருக்கிறது.

முன்வரிசையில் அவருடைய பேத்தி உட்கார்ந்திருந்தாள். தாத்தா பேசிய நேரம் பூராவும் மடியில் எதையோ வைத்துக் குனிந்த தலை நிமிராமல் படித்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் குடிக்கப் போகிற சாக்கில் எட்டிப் பார்த்தேன். ஒரு தெரு, நாலு பிள்ளைகள், ஒரு நாய். நான் சிறுமியாக இருந்தபோதே பழசாகிப்போன அதே மாதிரிக் கதை. தாத்தா செத்துப் புல் முளைத்த பிறகும் அந்த மாதிரிக் கதையை எவளோ ஒருத்தி மடியில் மறைத்துப் படித்துக்கொண்டுதான் இருப்பாள்.

நானும் கடைசியில் கை தட்டினேன். கேசரி தின்ற வாய்க்கு அதுகூடச் செய்யாவிட்டால் எப்படி?

துரைசானியின் பெட்டி

என் கைக்கு அந்தப் புத்தகம் வந்ததே தவறுதலாகத்தான்.

பிளேக் வந்து போயிருந்தது. தங்கவயலுக்குக் கரண்டு விளக்கு இன்னும் வரவில்லை. ஓய்வுநாள் பள்ளியில் வசனம் ஒப்பித்தவர்களுக்கு வருஷா வருஷம் வெள்ளைக்காரத் துரைசானி அம்மாள் பரிசுப் புத்தகம் கொடுப்பார். அந்தப் பரிசுப் புத்தகங்களைப் பற்றி நான் கொஞ்சம் வாய் திறந்தாக வேண்டும், இல்லாவிட்டால் சாப்பாடு இறங்காது. எல்லாவற்றிலும் ஒரு நல்ல பிள்ளை இருக்கும். பத்தாம் பக்கத்தில் இருமும். பதினாறாம் பக்கத்தில் எல்லோரையும் மன்னித்துவிட்டுச் செத்துப் போகும். கெட்ட பிள்ளை மட்டும் திருந்தி, வளர்ந்து, கல்யாணம் பண்ணிக்கொண்டு சௌக்கியமாக இருக்கும். நான் நாலு வருஷம் நாலு பரிசு வாங்கினேன். நாலு சாவு. நன்றாக இருக்க வேண்டுமென்றால் கெட்டவளாகத்தான் இருக்க வேண்டும் என்று எனக்குக் கற்பித்தது அந்தப் புத்தகங்கள்தான்.

ஐந்தாம் வருஷம் துரைசானியின் மகள் படித்து வீசிய பழம் புத்தகம் ஒன்று எப்படியோ அந்தப் பெட்டியில் கலந்துவிட்டது. அதுதான் பச்சை அட்டை. உள்ளே ஒரு ஆங்கிலேய ஊர்ச் சந்து. ஆறு வீடு. வேலிக்காகச் சண்டை போட்டுப் பேச்சை விட்ட இரண்டு பெண்கள், அதில் ஒருத்தி விதவை. பிள்ளைகள், பாகு கிண்டும் வாசனை, ஒரு வாத்து. சாயந்தரமானால் ஒரு அப்பா வீட்டுக்கு வருவார். யாரும் இருமவில்லை. நாற்பது பக்கம் போயும் ஒரு பிள்ளைகூடச் சாகவில்லை. எனக்கு நம்பவே முடியவில்லை.

அந்தத் தெருவில் நைட் ஷிப்டு இல்லையா?

எங்கள் லைன் மூங்கில் தட்டி வைத்துக் கட்டிய வீடுகள். ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் ஆசீர்வாதம் சொல்லலாம். ஞாயிறு மத்தியானம் அம்மாவுக்கும் நாலைந்து பெண்களுக்கும் நான் அந்தப் புத்தகத்தைத் தமிழில் சொல்லிக்கொண்டே படிப்பேன். வாரத்துக்கு ஒரு அதிகாரம்தான். அதற்கு மேல் என் இங்கிலீஷ் தாங்காது.

முதல் வாரமே தகராறு. பிள்ளைகள் மத்தியானத்தில் சந்து பூராவும் கத்திக்கொண்டு ஓடுகிறார்கள் என்று படித்தேன். ஒரு பெண் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இரு இரு. பகல்ல இப்பிடிக் கத்துதுங்களே, அந்தத் தெருவுல நைட் ஷிப்டு ஆளே இல்லியா?"

எங்கள் லைனில் பகலில் பாதி வீட்டில் ஆண்கள் தூங்குவார்கள். எங்களுக்குப் பேச வரும் முன்பே கிசுகிசுக்க வரும். நைட் ஷிப்டு இல்லாத தெரு என்று ஒன்று உண்டு என்பதை யாரும் ஏற்கவில்லை.

அடுத்தது அந்த அப்பா. தினமும் சாயந்தரம் ஆறு மணிக்கு வாசல் கதவைத் திறந்து வருவார், சாக்கில் பூட்ஸைத் துடைப்பார், தொப்பியை ஆணியில் மாட்டுவார், "இன்றைக்கு என்ன விசேஷம்?" என்று கேட்பார். அதிகாரத்துக்கு அதிகாரம் இது வரும்.

"தெனம் ஆறு மணிக்கா? ஷிப்டு மாறவே மாறாதா?" என்றாள் அம்மா.

"மேஸ்திரியக் கைக்குள்ள போட்டுக்கினு இருப்பான். கோழி கீழி குடுத்திருப்பான்," என்று இன்னொருத்தி முடிவாகச் சொல்லிவிட்டாள். எல்லோரும் ஆமாம் என்றார்கள். இந்தப் பேச்சு மேஸ்திரி காதுக்கு எப்படிப் போயிற்றோ, போயிற்று.

என் அப்பாவுக்குச் சுரங்கத்துக்குள் பாறை விழாமல் மரம் முட்டுக் கொடுக்கிற வேலை. ஒருநாள் உட்கார்ந்து கேட்டார். சந்தின் இருபுறமும் ஓங்கிய மரங்கள் என்று வந்ததும், "அந்த ஊர்ல மரமெல்லாம் மேலயே நிக்குதா?" என்று ஆச்சரியப்பட்டார். அதோடு தூங்கிப் போனார்.

இதெல்லாம் எங்கள் வீட்டுப் பக்கம். தட்டிக்கு அந்தப் பக்கம் சவரியம்மா.

சவரியம்மாவுக்கும் என் அம்மாவுக்கும் இரண்டு வருஷமாகப் பேச்சில்லை. அவர்கள் மாதா கோயில், நாங்கள் வேறு கோயில், ஆனால் சண்டைக்குக் காரணம் அதெல்லாம் இல்லை. எங்கள் சிவப்புக் கோழி தட்டிச் சந்தில் நுழைந்து அவள் வீட்டில் முட்டை போட்டுவிட்டு வரும். அவள் அதை அவித்துத் தன் புருஷன் அந்தோணிக்குக் கொடுத்துவிடுவாள். நான் படிக்க ஆரம்பித்தால் அந்தப் பக்கத்தில் பாத்திரத்தைப் போட்டு டமடமவென்று உருட்டுவாள். மூன்றாம் வாரத்திலிருந்து பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது. நான் கவனித்தேன், சொல்லவில்லை.

நாலு அடி

ஆறாம் அதிகாரத்தில் வாத்து காணாமல் போகிறது. பிள்ளைகள் ஒரு கைமணியை ஆட்டிக்கொண்டு சந்தில் ஓடுகிறார்கள். மணிச் சத்தம் கேட்டு ஆறு வீட்டுக்காரர்களும் போட்டது போட்டபடி வெளியே வருகிறார்கள். மாவுக் கையோடு ஒருத்தி, பாதி சவரம் பண்ணிய முகத்தோடு ஒருவர். எல்லோரும் வேலி வேலியாகத் தேடுகிறார்கள். அதோடு அந்த ஞாயிறு முடிந்தது.

அதே வாரம் சனிக்கிழமை எங்கள் சிவப்புக் கோழியைக் காணோம்.

எங்கள் லைன் முனையில் ஒரு தண்டவாளத் துண்டைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். ஷிப்டுக்கு ஆள் கிளப்ப மேஸ்திரி அதை அடிப்பார். ஷிப்டு நேரம் இல்லாத நேரத்தில் அது அடித்தால் ஒரே அர்த்தம்தான். கீழே என்னவோ ஆகிவிட்டது.

எனக்கு இது தெரியாதா? தெரியும். பால்குடிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஆனால் அந்தப் பதினோரு மணி வெயிலில் நான் எங்கள் லைனில் இல்லை, அந்தச் சந்தில் இருந்தேன். மணி அடித்தால் எல்லோரும் வருவார்கள், சிரித்துக்கொண்டே வருவார்கள், கோழியைத் தேடுவார்கள். ஒரு கல்லை எடுத்து நாலு அடி அடித்தேன்.

யாரும் சிரிக்கவில்லை. யாரும் கோழி எங்கே என்று கேட்கவில்லை. யாரும் எதுவுமே கேட்கவில்லை. வீட்டுக்கு வீடு பெண்கள் வந்தார்கள், மாவுக் கையோடும் வந்தார்கள், வந்த வேகத்தில் சுரங்க வாயான ஷாஃப்ட்டைப் பார்த்து ஓடினார்கள். என் அம்மா தலைமுடி அவிழ்ந்து என் பக்கத்திலேயே ஓடினாள், என்னைப் பார்க்கவில்லை. அப்பா அன்றைக்குக் கீழே இருந்தார்.

"அம்மா, கோழி!" என்று கத்தினேன். அந்த இரண்டு சொல்லை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

ஷாஃப்ட்டில் கூண்டு இழுக்கும் சக்கரம் எப்போதும்போலச் சுற்றிக்கொண்டிருந்ததாம். "ஒண்ணும் ஆவல, போங்கம்மா," என்று அங்கிருந்தவர்கள் விரட்டினார்கள். பெண்கள் அழுதுகொண்டும் ஏசிக்கொண்டும் திரும்பினார்கள். சவரியம்மா மட்டும் திரும்பவில்லை. ஓடியதில் அவள் கால் கட்டைவிரல் நகம் பெயர்ந்திருந்தது. நம்பாமல் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். ஷிப்டு முடிந்து கேஜ் கூண்டு மேலே வந்து, அந்தோணி சோத்துத் தூக்கோடு இறங்கியபோது, போய் அவன் முதுகில் ஓங்கி இரண்டு வைத்தாள்.

"எதுக்குடி அடிக்கிற?" என்றானாம் அவன். அவள் அழுதுகொண்டே மூன்றாவதும் வைத்தாளாம்.

அம்மா என்னை அடித்தது தனிக்கதை. அது எனக்கு வேண்டியதுதான்.

கேள்வி

அடுத்த நாள்தான் நான் முதலில் சொன்ன விசாரணை. என்னை அடித்தாயிற்று, அது போதவில்லை. புத்தகத்தைத் தண்டிக்க வேண்டும் என்று பெரிய மனிதர்களுக்குத் தோன்றியது. தப்புச் செய்தவள் நான் இருக்க, அச்சடித்த காகிதத்தைக் கொளுத்துகிற புத்தி இவர்களுக்கு எங்கிருந்துதான் வருகிறதோ. இன்னும் மூன்று அதிகாரம் படிக்கவில்லை.

"அதுல மேஸ்திரியப் பத்தித் தப்பா எழுதிக்கீதாமே?" என்றார் மேஸ்திரி.

"இல்லீங்க. அதுல மேஸ்திரியே இல்ல."

"மேஸ்திரி இல்லாத லைனா? யாருகிட்ட கத வுடற?"

உபதேசியார் தொண்டையைக் கனைத்தார். "நேத்து அதிகமாப் பாதிச்சது சவரியம்மாதான். அவுங்களே சொல்லட்டும். கொளுத்தலாமா, வாணாமா?"

சவரியம்மா காலில் துணி சுற்றிக்கொண்டு நொண்டி நொண்டி முன்னால் வந்தாள். என்னைப் பார்த்த பார்வையில் நான் அங்கேயே கருகியிருக்க வேண்டும்.

"கொளுத்துங்க," என்றாள். "நல்லாக் கொளுத்துங்க. இவ கையையும் சேத்துக் கொளுத்துங்க."

உபதேசியார் தலையாட்டினார்.

"ஆனா," என்றாள் சவரியம்மா, "அந்த வாத்து கெடச்சிச்சா இல்லியா? அதச் சொல்லிட்டுக் கொளுத்துங்க."

என் அம்மா இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"நீ கேட்டுக்கினா இருந்த?"

"பின்ன காத அடச்சிக்கினா ஒக்காருவாங்க? நீதான் ஊருக்கே கேக்கற மாதிரி படிக்க வெக்கிறியே."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "தெரியாது அத்தே. அடுத்த அதிகாரம் இன்னும் படிக்கல," என்றேன்.

"அப்ப படிக்கச் சொல்லுங்க. படிச்சிட்டு எரிச்சிக்கலாம், எங்க ஓடப் போவுது?" என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். ஆமாம் ஆமாம் என்று நாலு பக்கமும் குரல். உபதேசியார் வேண்டாம் என்றார், எடுபடவில்லை. மேஸ்திரியே பெஞ்சில் நகர்ந்து எனக்கு நிழலில் இடம் விட்டார்.

படித்தேன். பெரிதாக ஒன்றுமில்லை. வாத்து அந்த விதவையின் கொட்டகைக்குப் பின்னால் நாணல் புதரில் அடை காத்துக்கொண்டிருந்தது. அவள் யாருக்கும் சொல்லாமல் தினமும் அதற்கு ரொட்டி ஓரம் போட்டுக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் வீட்டுக்குப் போனார்கள். ஆறு மணிக்கு அந்த அப்பா வந்தார், பூட்ஸைத் துடைத்தார்.

"இவ்ளோதானா?" என்றார் உபதேசியார்.

"இவ்ளோதாங்க ஐயா."

"இவ்ளோதானான்னா?" என்று சவரியம்மா அவர்மேல் பாய்ந்தாள். "காணாமப் போனது கெடச்சிச்சே, போனவரு வூடு வந்து சேந்தாரே. ஒங்களுக்கு வேற இன்னா வோணும்?"

கொளுத்தவில்லை. "பரிசீலனைக்கு" என்று சொல்லி உபதேசியார் எடுத்துக்கொண்டு போனார். திருப்பித் தரவே இல்லை. இரண்டு மாதம் கழித்து அவர் மகள் என் தங்கையிடம், அந்த விதவையும் வேலிக்காரியும் கடைசி அதிகாரத்தில் ராசியாகிவிடுகிறார்கள் என்று வாய் தவறிச் சொன்னாள். பரிசீலனை குடும்பத்தோடு நடந்திருக்கிறது. அவர் பிரசங்கத்தில் மட்டும் கதைப் புத்தகம் பிசாசின் கண்ணியாகவே இருந்தது.

எங்கள் சிவப்புக் கோழியும் கிடைக்கவில்லை. அந்த ஞாயிறு மேஸ்திரி வீட்டிலிருந்து வந்த குழம்பு வாசனையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லமாட்டேன். எங்கள் லைன் புத்தகத்துச் சந்து இல்லை.

மறுபடியும் தண்டவாளம்

இரண்டு மழைக்காலம் போயிற்று. ஒருநாள் காலையில் பத்து மணிக்குத் தண்டவாளம் அடித்தது. நான் கல்லைத் தொடவில்லை. பள்ளிக்கூடத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். நானும் ஓடினேன்.

கீழே பாறை விழுந்திருந்தது. மூன்று பேர். அதில் ஒருவன் அந்தோணி.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள், மத்தியானம். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் போய்விட்டிருந்தார்கள். அம்மா சவரியம்மாவுக்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள். தட்டியை அந்தப் பக்கத்திலிருந்து யாரோ விரலால் தட்டினார்கள்.

"ஞானம், அந்தப் பொஸ்தவம் கீதா?"

"இல்ல அத்தே. உபதேசியார் குடுக்கவே இல்ல."

அவள் தட்டியோரம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"வாத்து வாணாம். அந்த அப்பா சாயந்தரம் வருவாரே, அது உனுக்கு மனப்பாடமா இருக்குமே. அத மட்டும் சொல்லு."

தட்டியில் வாயை வைத்துச் சொன்னேன். ஆறு மணி ஆகும். வாசல் கதவு திறக்கும். சாக்கில் பூட்ஸைத் துடைப்பார், முதலில் வலது கால், பிறகு இடது கால். தொப்பியை ஆணியில் மாட்டுவார். இன்னிக்கு இன்னா விசேஷம்னு கேப்பார்.

"அதுக்கு அவரு பொஞ்சாதி இன்னா சொல்லுவா?"

"ஒண்ணும் இல்லீங்கன்னு சொல்லுவா."

தட்டிக்கு அந்தப் பக்கம் அவள் மூச்சு விடுவது கேட்டது.

"மறுபடியும் சொல்லு," என்றாள். நான் வாசல் கதவிலிருந்து ஆரம்பித்தேன்.